ஒரு வளையலும் உடையாத நாள்

பெண்களின் கையைப் பிடித்துப் பிழைத்தவன் நான். இதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில், வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் எந்த ஊரிலும், வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவியின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொள்ளும் உரிமை ஒரே ஓர் அந்நிய ஆணுக்குத்தான் இருந்தது. அவன் வளையல்காரன். அந்த உரிமைக்கு நான் எவ்வளவு தகுதியானவன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீடு வில்லியனூரில். கண்ணாடி வளையல்களைக் கயிற்றில் கோத்து மலாரமாகத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு விடியும்போது கிளம்புவேன். நடை, நடை, நடைதான். பிரெஞ்சு ஊரில் காலை வைத்தால் அடுத்த வயல் இங்கிலீஷ்காரன் ஊர், அதற்கு அடுத்தது மறுபடியும் பிரெஞ்சு ஊர். நடுவில் சுங்கக்காரர்கள் நின்று மலாரத்தைக் குலுக்கிப் பார்ப்பார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். தோளைத் தாழ்த்தி, இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு நிற்பேன். அவசரப்படுகிறவனைத்தான் அவர்கள் நிறுத்தி வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

வியாபாரத்திலும் அப்படித்தான். கூவி விற்கிறவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். வாயால் விற்கிறவனுக்கு ஒரு ஊர், உடம்பால் விற்கிறவனுக்கு ஒன்பது ஊர் என்று நானே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவ்வளவு திமிர். ஒரு வீட்டு வாசலில் வேப்பமர நிழல் இருந்தால் அங்கே துணியை விரித்து உட்காருவேன். எப்போதும் வாங்க வருகிறவர்களைவிடத் தாழ்வாக உட்கார வேண்டும். அவள் மணையில் உட்கார்ந்தால் நான் தரையில். அவள் தரையில் உட்கார்ந்தால் நான் இன்னும் கொஞ்சம் குனிந்துகொள்வேன். முகத்தைப் பார்க்கக் கூடாது, விரலைப் பார்க்க வேண்டும். உள்ளங்கை இரண்டையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொள்வேன். கை சுத்தமாக இருக்கிறது, நகம் வெட்டியிருக்கிறது என்று அவள் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

வேண்டாம் என்று சொல்கிறவளின் கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பேன். கால் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தால் உள்ளே மாமியார் இருக்கிறாள், விட்டுவிட வேண்டியதுதான். கால் என் பக்கம் இருந்தால் வேண்டாம் என்பதெல்லாம் சும்மா. ஒரு பெண்ணின் கண் பச்சையின்மேல் போய், சிவப்பின்மேல் போய், திரும்பப் பச்சைக்கு வந்தால் நான் பச்சையை எடுக்க மாட்டேன். சிவப்பை எடுத்து வைப்பேன். "அந்தப் பச்சையக் காட்டுங்களேன்" என்று அவளே கேட்க வேண்டும். கேட்டு வாங்கினவள் விலையில் அதிகம் இழுக்க மாட்டாள்.

மணப்பட்டில் மீனவப் பெண்களிடம் இந்த ஜம்பம் ஒன்றும் பலிக்காது. அவர்கள் நின்றபடியே கையை நீட்டுவார்கள். "இன்னா வளையக்காரரே, பூனையாட்டம் குந்திக்கினு கீழயே பாக்கற? எங்க மூஞ்சி நல்லால்லியா?" என்பார்கள். நான் நிமிர்ந்து சிரிப்பேன். அங்கே சிரித்தால்தான் வியாபாரம். உப்பும் கயிறும் பட்டுக் காய்த்த கைகள். அளவு பார்ப்பதற்குள் அவர்களே வளையலைப் பிடுங்கி மாட்டிக்கொள்வார்கள்.

கண்ணாடி வளையல் போடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. கையின் அளவுக்கே வளையல் போட்டால் அது மணிக்கட்டில் தொளதொளவென்று ஆடும். ஆகையால் கையைவிடச் சின்னதாகத்தான் எடுக்க வேண்டும். நான்கு விரலையும் சேர்த்துப் பிடித்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கணுவை லேசாக அமுக்கி ஏற்ற வேண்டும். அப்போது வலிக்கும். வலி வரும் என்று தெரிந்தவுடன் கை தானாகவே இறுகும். இறுகினால் வளையல் உடையும், கையையும் கிழிக்கும். வலிக்கிறதா என்று மட்டும் கேட்கவே கூடாது. வேறு ஏதாவது கேட்க வேண்டும். அம்மா ஊரில் மழை பெய்ததா, தம்பிக்குப் பெண் பார்த்தாயிற்றா, இப்படி மனசுக்குப் பிடித்ததாக ஒன்று. அவள் பதில் சொல்ல வாயைத் திறக்கிற அந்த மூச்சில் கை பூவாகத் தளரும். அந்த மூச்சு முடிவதற்குள் வளையல் மணிக்கட்டுக்குப் போய்விட வேண்டும். இதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை இப்போதும் பெருமையாகத்தான் சொல்கிறேன், என்ன செய்ய.

சாதாரண நாளில் வளையல் உடைவது பெரிய விஷயமில்லை. உடைந்ததைத் தள்ளிவிட்டு வேறொன்று போடுவோம். ஆனால் கல்யாணப் பெண்ணுக்குப் போடும் முதல் டஜன் அப்படியில்லை. அதில் ஒன்று உடைந்தால் அபசகுனம் என்று அத்தோடு நிறுத்திவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பி, மறுபடியும் நாள் பார்த்து, சிலபேர் சம்பந்தத்தையே கைகழுவிவிடுவதும் உண்டு. அதனால் கல்யாண வீட்டுக்கு என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். இப்போது சொல்லப்போகும் கல்யாணம்வரை ஒரு மணப்பெண் கையிலும் நான் வளையல் உடைத்ததில்லை. ஊரே சொல்லும். நானும் சொல்லிக்கொள்வேன்.

பாகூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். நெல்லும் கரும்பும் உள்ள நல்ல குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணை அவளுடைய எட்டு வயதிலிருந்து எனக்குத் தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் அவளுக்கு வளையல் போட்டிருக்கிறேன். கையை நீட்டச் சொன்னால் இரண்டு கையையும் ஒன்றாக நீட்டுகிற பெண். வளையல் ஏறும்போது தன் கன்றுக்குட்டியைப் பற்றி ஓயாமல் பேசுவாள். அவள் கை ஒருநாளும் இறுகியதில்லை.

அவளுக்குப் பதினேழு வயதானபோது கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கடல் தாண்டி, பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனில் சிறைக்காவல் உத்தியோகம். முதல் மனைவியை இழந்தவர், நாற்பதைத் தாண்டியவர். விடுப்பில் வந்திருந்தார். தை மாதக் கடைசியில் கப்பல் ஏற வேண்டும், ஏறும்போது பெண்டாட்டியோடு ஏற வேண்டும் என்று ஏற்பாடு. மேரியில், அதாவது பிரெஞ்சு நகராட்சி அலுவலகத்தில், பதிவு செய்ய நாள் குறித்தாயிற்று. கப்பலுக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு முகூர்த்தம். அது தவறினால் அவர் தனியாகத்தான் போக வேண்டும். திரும்ப விடுப்புக் கிடைக்க நாலைந்து வருஷம் ஆகும். இதையெல்லாம் பெண்ணின் அம்மாதான் எனக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு நாளா சோறு திங்கல. ஒரே வெக்கம். நீங்கதான் பேச்சுக் குடுத்துப் போட்டுவுடணும்" என்றாள்.

கூடத்தில் பாய் விரித்திருந்தது. ஏழெட்டுப் பெண்கள். நடுவில் மாப்பிள்ளையின் அக்கா, கழுத்து நிறைய நகையோடு, சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கண் என் கையைவிட்டு நகரவில்லை. என்னை எடைபோடுகிறாள் என்று புரிந்தது. எனக்கு வீம்பு பிறந்தது. இவளுக்கு ஒரு வித்தையைக் காட்டிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்ணைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். வலது கையைக் கேட்டேன். நீட்டவில்லை. அம்மா எடுத்துக் கொடுத்தாள். கையைத் தொட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது எனக்குத் தெரிந்த கையே இல்லை. கட்டைவிரலை உள்ளே வைத்து, நான்கு விரலையும் அதன்மேல் இறுக்கி முஷ்டி பிடித்திருந்தாள். சில்லென்று இருந்தது.

"வெக்கத்தப் பாரு" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெட்கப்படுகிற கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நூறு மணப்பெண்களின் கையைப் பிடித்திருக்கிறேன். வெட்கத்தில் கை வேர்க்கும், துவளும், நழுவப் பார்க்கும். இது நழுவப் பார்க்கவில்லை. என் கைக்குள்ளேயே இருந்துகொண்டு இறுகியது. முதல் வளையலை விரல்மேல் வைத்தபோது அவள் கையைப் பின்னால் இழுக்கவில்லை, முன்னால் தள்ளினாள். அந்த ஒரு தள்ளலில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் வளையலை உடைக்கப் பார்க்கிறாள்.

நிமிர்ந்தேன். மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது என் சொந்தச் சட்டம். அன்றைக்கு அதை மீறினேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து வளையலைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை இல்லை. அத்தனை பேர் இருக்கிற கூடத்தில் எப்படிப் பேசுவாள்? அவள் சுண்டுவிரல் மட்டும் முஷ்டியிலிருந்து பிரிந்து என் உள்ளங்கையை இரண்டு தடவை அழுத்தியது.

நான் செய்ய வேண்டியது மிகச் சின்னக் காரியம். இன்னும் ஓர் இழை அழுத்தம். கண்ணாடி படக்கென்று போயிருக்கும். அவள் கையில் ஒரு கீறல், கொஞ்சம் ரத்தம். அம்மா அழுதிருப்பாள், அக்கா எழுந்து போயிருப்பாள், கப்பல் சைகோனுக்குப் போயிருக்கும். யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. வளையல்காரன் கை தவறிவிட்டான் என்று சொல்லியிருப்பார்கள்.

அதுதான் எனக்கு ஆகவில்லை. கை தவறிவிட்டான் என்ற அந்த ஒரு பேச்சு. மாப்பிள்ளையின் அக்கா அப்போது பார்த்துத்தான், "இன்னா வளையக்காரரே, ஒரு வளையலுக்கே இம்மா நேரமா? பெரிய கெட்டிக்காரர்னு சொன்னாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று பட்டது. பெண்ணைப் பார்ப்பதை விட்டேன். குனிந்துகொண்டு, குரலை எவ்வளவு மென்மையாக்க முடியுமோ அவ்வளவு மென்மையாக்கி, "ஏம்மா, உன் கன்னுக்குட்டி இப்ப எத்தினி கன்னு போட்டுது?" என்று கேட்டேன்.

அவள் தலை மாட்டுக்கொட்டகைப் பக்கம் திரும்பியது. என்ன இருந்தாலும் பதினேழு வயசுப் பெண். "மூணு..." என்று வாய் திறந்தாள். கை தளர்ந்தது. முதல் வளையல் போய்விட்டது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். நான் நிமிரவில்லை. இரண்டாவதற்கு அவள் மறுபடியும் கையை இறுக்கினாள். நான் மணிக்கட்டின் உள்பக்கம் நரம்பை விரலால் தடவி இளக்கினேன், அதுவும் எனக்குத் தெரிந்த வித்தைதான். மூன்றாவதற்குப் பாதிதான் இறுக்கினாள். ஐந்தாவதிலிருந்து கை என் கையில் கிடந்தது, அவ்வளவுதான். வலது கைக்கு ஆறு, இடது கைக்கு ஆறு. ஒன்றுகூட உடையவில்லை. கடைசி வளையல் ஏறியதும் கூடமே குலவையிட்டது. மாப்பிள்ளையின் அக்கா எழுந்து வந்து, "ராசியான கைதாம்பா" என்று சொல்லி வேட்டி, துண்டு, வெற்றிலைப் பாக்கு எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அவள் அண்ணாந்து பார்க்கும்படி நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டேன். அங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் வேட்டியைக் காட்டினேன். பிறகு, சொல்லாமல் இருக்க முடியவில்லை, அந்தக் கையைப் பற்றிச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு ஒடச்சிருக்கக் கூடாதா?" என்றாள்.

"உனுக்கு இன்னாடி தெரியும்? தொழில்ல இருக்கறவனுக்குத்தான் தெரியும் கஷ்டம்" என்று கத்தினேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அவள்மேல் வந்த கோபமில்லை என்று எனக்கே தெரியும். தெரிந்தும் இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

கல்யாணம் நடந்தது. கப்பல் போனது. அந்தக் கல்யாணத்தால் என் பெயர் இன்னும் நாலு ஊருக்குப் பரவியது. ராசிக்காரர் என்று வண்டி வைத்துக் கூட்டிப்போனார்கள். போனேன், போட்டேன், வாங்கிக்கொண்டேன். அந்தச் சிற்றூரை மட்டும் சுற்றிக்கொண்டு போனேன். அவள் அம்மா ஒருதரம் பாகூர்ச் சந்தையில் பார்த்து, "ஏன் எங்க பக்கமே வர்றதில்ல?" என்று கேட்டாள். முழங்கால் வலி என்றேன். பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவளே சொன்னாள். சௌக்கியமாம். கடுதாசி வருகிறதாம். பிறகு உலகச் சண்டை வந்து கப்பல் நின்றது. கடுதாசியும் நின்றது என்று பிறர் சொல்லக் கேட்டேன்.

சண்டை முடிந்த பிறகு ஒரு வருஷம், வில்லியனூர்த் தேர். தேரடிக்குக் கொஞ்சம் தள்ளி நான் கடை விரித்திருந்தேன். அப்போது எனக்கு நடந்து சுற்ற முடியாமல் போயிருந்தது. வெள்ளைக்கார துரை வடம் தொட்டாயிற்று என்று கூட்டம் ஆர்ப்பரித்துக்கொண்டு தேருக்குப் பின்னால் ஓடியது. என் கடை முன்னால் கொஞ்சம் இடம் விட்டது. ஒரு பெண் ஏழெட்டு வயதுக் குழந்தையோடு வந்து நின்றாள். வெறுங்கை, வெறும் நெற்றி.

"கொழந்தைக்குப் போடுங்க" என்றாள். குரலில்தான் அடையாளம் தெரிந்தது.

குழந்தையின் கையை எடுத்தேன். அளவு பார்த்தேன். அவள் நின்றபடியே பேசினாள். கேட்காமலே சொன்னாள். அவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சைகோனிலேயே காய்ச்சலில் போய்விட்டாராம். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் இவள் போய் இறங்கிய வீட்டில் அந்த ஊர்க்காரி ஒருத்தியும் மூன்று பிள்ளைகளும் ஏற்கெனவே இருந்தார்களாம். அவர் போன பிறகு அந்த அம்மாள்தான் கப்பல் வரும்வரை இவளையும் குழந்தையையும் வைத்துச் சோறு போட்டாளாம். இவ்வளவையும் யாருடைய கதையையோ சொல்கிற மாதிரி சொன்னாள்.

பிறகு கேட்டாள். "அன்னிக்கு எங்க வூட்டுக் கூடத்துல... உங்களுக்குத் தெரிஞ்சுது இல்ல?"

என் கை நின்றது. ஊரையே கையைப் பார்த்துப் படித்தவன் நான், என் கையை அப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவசரமாக இன்னொரு வளையலை எடுத்தேன்.

"இன்னாம்மா தெரிஞ்சுது?"

"நான் ஒடைக்கச் சொன்னது."

எத்தனையோ வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. அதற்கு என்ன பதில் சொல்வது என்று எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தெரியும் தாயே, தெரிந்துதான் போட்டேன், என்னை மன்னித்துவிடு என்று. காலில் விழுவதுகூட யோசித்திருக்கிறேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"இல்லியேம்மா. நீ வெக்கப்படுறேன்னுல்ல நெனச்சேன். எனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அங்க இருந்தப்ப அடிக்கடி நெனச்சுக்குவேன்" என்றாள். "அத்தினி பேர்ல ஒருத்தருக்காவது நான் சொன்னது கேட்டுச்சு. பயந்துட்டாரு, பாவம், அவ்ளோதான்னு. அது ஒரு தெம்பா இருந்துச்சு." சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "யாருக்குமே கேக்கலியா அப்ப."

குழந்தை வளையலைக் குலுக்கிப் பார்த்துச் சிரித்தது. அவள் காசை என் துணியின்மேல் வைத்துவிட்டுக் குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தேர் நின்றிருந்தது போலிருக்கிறது, கூட்டம் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் பத்தடி தூரத்தில்தான் போனாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பாள். கேட்டுது தாயே என்று ஒரு வார்த்தை. என்னால் அதுகூட முடியவில்லை. அதற்குள் வேறொரு அம்மாள் என் முன்னால் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். நான் குனிந்து அளவு பார்க்க ஆரம்பித்தேன்.